அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்குக் கூலியா?

9 மார்ச் 2025, காலை 10.15 (கேள்வி)

வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்கிற குடும்பத்தாருக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் தர வேண்டும் என்று ஒரு கட்டுரை படித்தேன். மனசு ஒப்பவில்லை. என் அம்மா இரண்டு வருஷமாகப் படுக்கையில்தான் இருக்கிறார். என் மனைவிதான் எல்லாம் பார்க்கிறாள், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. பெற்றவளுக்குச் செய்வது கடமை. அதற்குப் போய்க் கூலி பேசினால் குடும்பம் என்று ஒன்று எதற்கு? மற்றவர்கள் சொல்லுங்கள்.

9 மார்ச், இரவு 11.40 (பதில்)

உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். அம்மா உங்களுடையவர். கடமையும் உங்களுடையது. செய்கிறவர் உங்கள் மனைவி. இதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அது உங்கள் கண்ணில் படவில்லை.

சண்டைக்கு வரவில்லை. என் வீட்டிலும் இதே கதைதான். கரூரிலிருந்து 14 கிலோமீட்டர், அமராவதி ஓரத்து ஊர். 2021 நவம்பரில் அத்தைக்கு, அதாவது வீட்டுக்காரருடைய அம்மாவுக்கு, பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. நான் அப்போது ஒரு டெக்ஸ்டைல் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையை விடு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. அப்படி ஒரு பேச்சே எழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டாக்டர் "வீட்ல யாரு பாத்துப்பாங்க?" என்று கேட்டார். அறையில் ஐந்து பேர் இருந்தோம். நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அத்தைக்குச் செய்வதில் எனக்கு வருத்தம் இல்லை. என் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துக் கொடுத்தவர் அவர்தான். அந்த நாலு பேரும் என்னைப் பார்த்த பார்வைதான் இன்னும் மறக்கவில்லை.

10 மார்ச், மதியம் 3.05

"படுத்திருப்பவருக்கு அப்படி என்ன வேலை இருக்கும்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எனக்கும் முன்னால் தெரியாது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால் மூன்றையும் தினமும் நல்ல வெளிச்சத்தில் பார்ப்பேன். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுப்பேன். எடுத்ததும் வெளுத்து, பிறகு சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் புண் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. முதல் மாசம் நான் தேங்காய் எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டேன், நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில். வீட்டுக்கு வந்த நர்ஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தையும் தூக்கிப் போடச் சொன்னார். அது ரத்த ஓட்டத்தை இன்னும் அடைக்குமாம்.

சாப்பாட்டில் தண்ணீர்தான் பெரிய கஷ்டம். சோறு போகும், தண்ணீர் போகாது. தொண்டைத் தசை சரியாக வேலை செய்யாததால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் நழுவிவிடும். அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. அதனால் எதையும் கேழ்வரகுக் கூழ் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுப்பேன். நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு ஸ்பூன் கொடுத்துவிட்டு, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துத்தான் அடுத்த ஸ்பூன். ஒரு டம்ளர் கூழுக்கு 40 நிமிஷம் ஆகும். முடிந்த பிறகும் அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது.

மலம், மூத்திரம், குளிப்பாட்டு, மாத்திரை, கை கால் நீட்டி மடக்குகிற பயிற்சி எல்லாம் இதற்கு மேலே. அப்புறம் ராத்திரி. 12, 2, 4 மணிக்கு அலாரம். மூன்று வருஷத்துக்கு மேலாக நான் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கியதில்லை.

12 மார்ச், இரவு 10.20

நேற்று ஒரு நாள் முழுக்க எழுதி வைத்தேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், எத்தனை மணிக்கு என்ன செய்தேன் என்று. கூட்டிப் பார்த்தால் 11 மணி 10 நிமிஷம் வருகிறது.

இது என் பாடு மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் முடிவுகள் போன மாசம் வெளியாயின. 15 முதல் 59 வயதுக்குள் இருக்கிற பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையைச் செய்கிறார்கள். ஆண்களில் 21.4 சதவீதம். செய்கிறவர்களை மட்டும் எடுத்தால் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 140 நிமிஷம், ஆணுக்கு 74. இதில் குழந்தை வளர்ப்பும் சேர்ந்துதான் இருக்கிறது. சமையல், பெருக்குவது, துவைப்பது தனிக் கணக்கு.

16 மார்ச், காலை 6.30

மேலே எழுதியதில் இரண்டு திருத்தம்.

வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டார். பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை அவருக்கு. "காலையில நான்தானே தூக்கி வீல்சேர்ல உக்கார வெக்கிறேன், ஞாயித்துக்கிழமை குளிக்க வெக்கிறேன், அத எழுதலயே" என்றார். உண்மை. எழுதியிருக்க வேண்டும். அத்தை 62 கிலோ. என்னால் தனியாகத் தூக்க முடியாது. அவர் தினமும் 50 நிமிஷம் செய்கிறார்.

இன்னொன்று, 11 மணி 10 நிமிஷத்தில் எல்லோருக்குமான சமையலையும் துணியையும் சேர்த்துவிட்டேன். அதைக் கழித்தால் 8 மணி 40 நிமிஷம். ஒரு முழு ஷிப்ட்.

ஆனால் கழித்த பிறகு கணக்கு சரியாக வந்துவிட்டது என்றும் தோன்றவில்லை. அடுப்படியில் நிற்கிறேன், காது பக்கத்து அறையில் இருக்கிறது. இருமல் சத்தம் மாறினால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவேன். அந்த நேரத்தைச் சமையலில் எழுதுவதா, அத்தை கணக்கில் எழுதுவதா? காலண்டர் தாளில் அதற்கு இடம் இல்லை.

23 மார்ச், இரவு 9.50

பணத்துக்கு வருவோம். கேள்வியே அதுதானே.

"கூலி" என்கிற சொல்தான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். 2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு மகளிர் உரிமைத் தொகை என்று பெயர். உதவி என்றோ கூலி என்றோ வைக்கவில்லை, உரிமை என்று வைத்தார்கள். எனக்கு வருகிறது. முதல் மாசம் மெசேஜ் வந்தபோது அதை அத்தையிடம் காட்டினேன். நாலு வருஷத்தில் என் பெயருக்கென்று வருகிற ஒரே பணம் அது. ஆனால் படுக்கையில் ஒருவர் இருக்கிற வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் அதே ஆயிரம்தான்.

கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிக்கு மாசம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை நம் மாநிலத்தில் இருக்கிறது. நல்ல திட்டம். அது படுத்திருப்பவர் பெயரில் வருகிறது, அப்படித்தான் வர வேண்டும். எங்கள் வீட்டில் டயபருக்கே அதைவிட அதிகம் ஆகிறது என்பது வேறு விஷயம்.

பார்த்துக்கொள்கிறவர் கையில் நேராகக் கொடுப்பது பக்கத்து மாநிலத்திலேயே உண்டு. கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்று பெயர், 2010-ல் வந்தது. மாசம் 600 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனால் படுக்கையில் இருப்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்று ஒரு அரசாங்கத்தின் பதிவேட்டில் ஏறியிருக்கிறதே, அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

சித்தி மகள் லண்டனில் இருக்கிறாள், அவளும் மாமனாரைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே வாரத்துக்கு 35 மணி நேரமாவது பார்த்துக்கொண்டால் பராமரிப்பாளர் படி உண்டு. வருகிற ஏப்ரலிலிருந்து வாரம் 83 பவுண்டு 30 பென்ஸ். அதிலும் கொடுமை இருக்கிறது. வேலைக்குப் போய் வாரத்துக்கு 196 பவுண்டுக்கு மேல் ஒரு பவுண்டு சம்பாதித்தாலும் முழுப் படியும் நின்றுவிடும்.

அதன் பழைய கதையை அவள் சொன்னாள். 1976-ல் அந்தப் படியைக் கொண்டுவந்தபோது கல்யாணமான பெண்களுக்குக் கிடையாதாம். அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது காரணம். ஜாக்கி டிரேக் என்ற பெண் தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர், ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போனார். 1986-ல்தான் அது மாறியது. நீங்கள் இன்றைக்குச் சொல்கிற கடமை அங்கேயும் சட்டமாகவே எழுதப்பட்டிருந்தது, கல்யாணமான பெண்ணுக்கு மட்டும்.

24 மார்ச், காலை 7.00

நேற்று "நாலு வருஷத்தில்" என்று எழுதிவிட்டேன். மூன்று வருஷம் நாலு மாசம்தான் ஆகிறது. எனக்கு நாலு மாதிரி இருக்கிறது.

6 ஏப்ரல், மாலை 4.15

"வேலையை விட்டால் சம்பளம்தானே போகும், வேறு என்ன?" என்று ஒருவர் கேட்டார். பிஎஃப் கதையைச் சொல்கிறேன்.

2013 ஜூலையில் வேலைக்குச் சேர்ந்தேன், 2021 நவம்பரில் நின்றேன். எட்டு வருஷம் நாலு மாசம். பிஎஃப்புடன் சேர்ந்த பென்ஷன் திட்டத்தில் 58 வயதில் மாதாமாதம் பென்ஷன் வேண்டும் என்றால் பத்து வருஷம் சர்வீஸ் இருக்க வேண்டும். எனக்கு ஒரு வருஷம் எட்டு மாசம் குறைந்தது. 2022-ல் ஏர் பெட், வீல்சேர், பிசியோதெரபி எல்லாம் ஒன்றாக வந்து நின்றபோது பிஎஃப்பையும் பென்ஷன் பணத்தையும் மொத்தமாக எடுத்துவிட்டோம். பென்ஷன் அதோடு போச்சு.

இதை யாரும் தியாகம் என்று சொல்லி எனக்குச் சால்வை போட வேண்டாம். 58 வயதில் எனக்கு மாசம் இரண்டாயிரமோ மூவாயிரமோ வந்திருக்கும், இப்போது வராது. அத்தைக்கு நான் இருக்கிறேன். எனக்கு அந்த வயதில் மருந்துச் செலவுக்குப் பிள்ளைகள் கையை எதிர்பார்க்க வேண்டும்.

ஜெர்மனியில் 1995-ல் பராமரிப்புக் காப்பீடு என்று கொண்டுவந்தார்கள். வீட்டில் ஒருவரை வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது பார்த்துக்கொள்கிற குடும்பத்தாருக்கு ஓய்வூதியச் சந்தாவை அந்தக் காப்பீடே கட்டுகிறது. அவர் லீவு எடுத்தால் அந்த நாட்களுக்கு மாற்று ஆள் வைக்கிற செலவிலும் கைகொடுக்கிறது. லீவு என்கிற சொல் இந்த வேலையோடு சேர்ந்து வருவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தேன்.

7 ஏப்ரல், காலை 11.10

பிஎஃப் விஷயத்தில் மேலே ஒரு அண்ணன் திருத்தியிருக்கிறார். பத்து வருஷம் முடியாமல் நிற்கிறவர்கள் பணத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று இல்லை. பென்ஷன் பணத்தை எடுக்கக் கொடுக்கிற அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம். அந்தச் சர்வீஸ் அப்படியே நிற்கும். பிறகு பிஎஃப் உள்ள வேறு வேலைக்குப் போனால் அதோடு சேர்ந்துகொள்ளும்.

எனக்குத் தெரியாது. கணக்குப் பிரிவிலேயே வேலை செய்தும் தெரியாது. எனக்கு அது முடிந்துபோன விஷயம். அப்பாவையோ அம்மாவையோ பார்த்துக்கொள்வதற்காக நாளைக்கு வேலையை விடப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பணத்தை எடுப்பதற்கு முன்னால் சான்றிதழைப் பற்றிக் கேளுங்கள்.

20 ஏப்ரல், இரவு 11.00

பணத்தை விட்டுவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

இந்த வேலைக்குத் தமிழில் பேர் என்ன? ஆஸ்பத்திரியில் "பேஷண்ட் கூட யாரு?" என்பார்கள். கழுத்தில் தொங்குகிற பாஸில் அட்டெண்டர் என்று இருக்கும். அரசாங்கக் காகிதத்தில் பராமரிப்பாளர். வீட்டில் "அவதான் பாத்துக்கறா". வெளியே யாராவது கேட்டால் "வேலைய விட்டுட்டு வீட்ல சும்மா இருக்கா". இந்தச் சும்மாவை என் பெரிய மகள் பள்ளிக்கூட படிவத்தில் வேறு மாதிரி எழுதினாள். அம்மாவின் தொழில் என்ற இடத்தில் "அப்பத்தாவைப் பார்த்துக்கொள்கிறார்" என்று எழுதி எடுத்துக்கொண்டு போனாள். நான் சொல்லித் தரவில்லை.

தமிழாசிரியர் ஒருவர் மேலே எழுதியிருக்கிறார், பழைய தமிழில் புறந்தருதல் என்று ஒரு சொல் உண்டாம், பேணிக் காப்பது என்று பொருளாம். பேச்சில் வராது. இருந்தாலும் பிடித்திருக்கிறது.

சட்டத்தில் சொல் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பராமரிப்பாளர் யார் என்று விளக்குகிற இடத்திலேயே பெற்றோர், குடும்பத்தார் எல்லோரையும் சேர்த்திருக்கிறது. ஊதியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவர் பராமரிப்பாளர்தான் என்கிறது. அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி தருவதைப் பற்றியும் அதன் 24-வது பிரிவு பேசுகிறது. ஆக, நான் கேட்பது புதிதாக எதுவும் இல்லை.

சொல் என்றதும் அத்தை ஞாபகம். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. "தேங்கா." பசித்தாலும் தேங்கா, வலித்தாலும் தேங்கா, பேரன் வந்தாலும் தேங்கா. முதல் மாசம் நிஜமாகவே தேங்காய் கேட்கிறார் என்று துருவிக் கொடுத்தேன். இப்போது ஒவ்வொரு தேங்காவும் தனித்தனியாகத் தெரியும். இழுத்துச் சொன்னால் தாகம். இரண்டு தரம் வெட்டிச் சொன்னால் துணி நனைந்திருக்கிறது. மூக்கால் சொன்னால் டிவியை மாற்று. இதை நான் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. எனக்கு ஒன்று ஆனால் அத்தை சொல்வது யாருக்கும் புரியாது என்ற பயம் ராத்திரியில் வரும்.

4 மே, காலை 9.30

நாத்தனார் ஈரோட்டிலிருந்து வந்து பத்து நாள் இருந்துவிட்டு நேற்றுப் போனார். பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு. நான் கேட்டேன், அவர் வந்தார். மூன்றரை வருஷமாக நான் கேட்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவராகவே புரிந்துகொண்டு வருவார் என்று காத்திருந்தேன், வரவில்லை என்று மனசுக்குள் கோபப்பட்டேன். கேட்டிருந்தால் முன்னாலேயே வந்திருப்பாரோ என்னவோ.

நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மாத்திரை நேரம், கூழ் பதம், திருப்பிப் போடுகிற முறை, தேங்கா வகைகள். முதல் இரண்டு நாள் கூடவே இருந்தேன். மூன்றாம் நாள் என் அம்மா வீட்டுக்கு, குளித்தலைக்குப் போனேன். அன்று ராத்திரி 9 மணிக்குப் படுத்து மறுநாள் காலை 10.40-க்கு எழுந்தேன். அம்மா இரண்டு தரம் வந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாராம்.

அன்றைக்கே நாத்தனார் போன் பண்ணினார். அழுதார். "அண்ணி, இத எப்படி தினமும் செய்யறீங்க? நான் போன்ல 'அம்மா எப்படி இருக்காங்க'ன்னு மட்டும்தான் கேட்டிருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்கன்னு ஒரு தடவகூட கேக்கல" என்றார். நானும் அழுதேன்.

18 மே, இரவு 8.45

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். போன வாரம் சனிக்கிழமை ராத்திரி மனைவியை வேறு அறையில் தூங்க வைத்துவிட்டு அவரே அம்மா பக்கத்தில் படுத்தாராம். 12 மணிக்குத் திருப்பிப் போட்டதில் இடுப்பு பிடித்துக்கொண்டதாம். கூலி பற்றிய தன் கருத்து மாறவில்லை என்றும் எழுதியிருக்கிறார். சரி, கருத்து இருக்கட்டும். சனிக்கிழமையை விட்டுவிடாதீர்கள்.

இடுப்புக்கு ஒரு வழி சொல்கிறேன். பழைய நூல் சேலையை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் வருகிற மாதிரி அம்மாவுக்கு அடியில் விரித்துவிடுங்கள். திருப்பும்போது அவர் உடம்பைப் பிடித்து இழுக்காதீர்கள், சேலையின் ஓரத்தைப் படுக்கையோடு ஒட்டிச் சுருட்டிப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். ஒரு முழங்காலைக் கட்டில் மேல் வைத்துக்கொண்டால் பாரம் இடுப்புக்கு வராது. அம்மாவின் தோலும் உரசாது. திருப்பிய பிறகு முதுகுக்கு ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒன்று.

இது எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த நோய் ஆதரவு நர்ஸ். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். படுக்கையில் இருப்பவருக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைக் கொடுங்கள். அந்த நர்ஸ் வந்தால் முதலில் அத்தையின் முதுகைப் பார்ப்பார், அப்புறம் என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றுவார். எனக்கு 150-க்கு மேல் இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார்.

15 ஜூன், நள்ளிரவு 1.20

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை கூழை என் மேல் துப்பினார். வேண்டுமென்றே துப்பினாரா, முடியாமல் வந்ததா, தெரியவில்லை. நான் டம்ளரைத் தரையில் போட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அத்தைக்குப் பேச்சுத்தான் போயிற்று, கேட்பதும் புரிவதும் அப்படியே இருக்கிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இடது கண்ணோரம் தண்ணீர் வந்தது.

மேலே ஒரு அக்கா எனக்கு "நீங்கள் தெய்வம்" என்று எழுதியிருந்தார்கள். அன்போடு சொன்னது தெரிகிறது. ஆனால் தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். தெய்வம் என்று சொன்னதும் எனக்கு எதுவும் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. தெய்வத்துக்குத் தூக்கம் கேட்க முடியாது. தெய்வம் டம்ளரை விட்டெறிந்ததை யாரிடமும் சொல்ல முடியாது.

பார்த்துக்கொள்கிறவரின் பாரத்தை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. ஜாரிட் என்பவர் உருவாக்கியது, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். உனக்கென்று நேரம் இல்லை என்று தோன்றுகிறதா, அவர் அருகில் இருக்கும்போது கோபம் வருகிறதா, இந்த மாதிரி. கோபம் பற்றிய கேள்வி அதிலேயே இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. எனக்கு மட்டும் வருகிற கோபம் என்றால் அதை ஏன் ஒரு கேள்வியாக வைக்கப் போகிறார்கள்?

அன்று ராத்திரி 14416-க்கு, அதாவது டெலிமானஸ் என்கிற அரசாங்க மனநல ஆலோசனை எண்ணுக்கு, போன் பண்ணினேன். தமிழில் பேசினார்கள். பாதி நேரம் நான் அழுதேன், அவர்கள் அவசரப்படுத்தவில்லை. மறுநாள் காலையில் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். இடது கையால் என் முழங்கையைத் தட்டினார். தேங்கா என்றார். அது எந்தத் தேங்கா என்று எனக்குத் தெரியவில்லை.

13 ஜூலை, மாலை 5.30

ஸ்கிசோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு நோய், உள்ள தம்பியை இருபது வருஷமாகப் பார்த்துக்கொள்கிற ஒருவர் எழுதியிருக்கிறார், "உங்களுக்காவது வெளியே சொல்ல முடிகிறது, பக்கவாதம் என்று. நான் யாரிடம் சொல்வது?" என்று. பதில் எழுதத் தெரியாமல் இரண்டு நாள் இருந்தேன். அவர் சொல்வது சரி. அத்தையைப் பார்க்கப் பழத்தோடு ஆள் வருகிறார்கள். அவர் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. சென்னையில் 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு இந்த நோய் உள்ளவர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் வேலை செய்கிறது. அங்கே கேட்டுப் பாருங்கள் அண்ணா. தூரம் என்றால் போனிலாவது.

17 ஆகஸ்ட், இரவு 10.30

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போனேன். இப்போது ஊராட்சித் தலைவர் இல்லை, தனி அலுவலர்தான். ஒரு மனு எழுதி எடுத்துப் போனேன். மகளிர் குழுக் கட்டடத்தில் பூட்டிக் கிடக்கிற அறையை வாரத்தில் இரண்டு மதியம் திறந்துவிட வேண்டும், ஊருக்குப் பொதுவாக ஒரு வீல்சேரும் ஒரு ஏர் பெட்டும் வாங்கி வைக்க வேண்டும், நம் ஊரில் வீட்டோடு ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க வேண்டும். இந்த மூன்றுதான். தீர்மானப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். நடக்குமா என்பது பிறகு.

நான் படித்து முடித்ததும் ஒரு பாட்டி, "யாரு யாரு வீட்டுல இருக்குன்னு கையத் தூக்குங்க, இப்பவே எண்ணிப்புடலாம்" என்றார். ஏழு கை. ஆறு பெண்கள், ஒரு ஆண். அவர் ரிட்டயர்டு கண்டக்டர், மனைவிக்கு மறதி நோய், ஆறு வருஷம். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். தினமும் பார்க்கிற மனிதர். எனக்குத் தெரியாது. என் வீட்டு நிலைமையும் அவருக்குத் தெரியாது.

20 ஆகஸ்ட், இரவு 9.15

அறை திறக்கிறவரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்று நாங்கள் ஏழு பேரும் பேசிக்கொண்டோம். வாரம் ஒரு மதியம், 2 மணியிலிருந்து 5 வரை, ஒருவர் வீட்டில் இன்னொருவர் போய் உட்காருவது.

இன்றைக்கு மூன்றாம் தெரு அக்கா அத்தையிடம் உட்கார்ந்தார்கள், நான் கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னை யாரோ தங்கச்சி என்று நினைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நாலைந்து தரம் எழுந்தார். ஒவ்வொரு தரமும் "அடுத்த பஸ் இருக்கு அக்கா" என்றேன், உட்கார்ந்தார். இதை அவர்தான் போகும்போது சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் 5.10-க்கு வந்தார். முடி வெட்டியிருந்தார். கையில் இரண்டு பொட்டலம் கரம், எங்கள் பக்கத்துப் பொரித் தீனி. ஒன்று எனக்கு.

நான் வீட்டுக்கு வந்தால் அக்கா வாசலிலேயே நிற்கிறார்கள். அத்தை மூன்று மணியிலிருந்து தேங்கா, தேங்கா என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அவர்கள் பாவம், கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கி உடைத்து வைத்திருக்கிறார்கள். நாத்தனாருக்கு எழுதிக் கொடுத்த தாளைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த புதன்கிழமைக்குள் கட்டில் தலைமாட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.